வேடம் கட்டி மலையேற: வாசகர் கேள்வி – பதில்

வீரன், சூனியக்காரி, பூதம், வனதேவதை என்று ஆளுக்கொரு வேடம் கட்டி, ஒரு கதையை வைத்துக்கொண்டு, காடு மலை என்று அலைந்து ஆடும் விளையாட்டுக்கு 'லார்ப்' என்று பெயர். 1970-களில் அமெரிக்காவில் கிளம்பியது. 1982-ல் இங்கிலாந்தின் செஷயரில், பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் 'ட்ரெஷர் ட்ராப்' என்ற குழு இதை முறையாக நடத்தியது. இப்போது நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரிப் பிள்ளைகளையும் தொற்றியிருக்கிறது. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான்.

கேள்வி: நண்பர்கள் 14 பேர். ஒருநாள் வேடம் கட்டி மலையில் விளையாட ஆசை. பேச்சிப்பாறை, காளிகேசம், மருந்துவாழ்மலை, சிதறால் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்கே போகலாம்? யாரிடம் அனுமதி வாங்கவேண்டும்? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: நீங்கள் சொன்ன நான்கிலும் வேண்டாம். காரணம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

பேச்சிப்பாறைக்கு மேலும் காளிகேசத்தைச் சுற்றியும் இருப்பது காப்புக்காடு. மாவட்டத்து மலையில் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தபிறகு, வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடக்கவே முடியாது என்று விதிகளை இறுக்கிவிட்டார்கள். 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் இணையத்தில் பதிவுசெய்து, வழிகாட்டியோடு, குறித்த பாதையில் நடக்கலாம். அது நடப்பதற்கான அனுமதி, ஆட்டம் போடுவதற்கானது அல்ல. யானை நடமாட்டம் வேறு. 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானையைக் கொண்டுவந்து விட்டது மேல்கோதையாறு பக்கம்தான். அதற்கு முன்பும் அங்கே யானைகள் உண்டு. முகமூடி போட்டவனுக்குப் பக்கவாட்டுப் பார்வை பாதி போய்விடும், காதும் மந்தம். அந்த நிலையில் யானைக்காட்டில் நிற்பது விளையாட்டல்ல.

சிதறால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சமணர் மலை. பாறையில் 9-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள் இருக்கின்றன. ஃபோமில் செய்த நுரைவாளாக இருந்தாலும் அங்கே வீசக்கூடாது. மருந்துவாழ்மலைக்குப் பக்தர்களும் சாமியார்களும் தினம் ஏறுகிறார்கள், நாராயண குரு தவமிருந்த குகையும் அங்கேதான். சாதாரண உடையில் போய் உச்சியில் நின்று கடலைப் பார்த்துவிட்டு வாருங்கள், அருமையான இடம். கொம்பு வைத்த பூதம் எதிரே வந்தால் பக்தர் சும்மா இருக்கமாட்டார். அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது.

சரியான இடம் தனியார் தோட்டம். குலசேகரம், அருமனை, கடையாலுமூடு, தடிக்காரன்கோணம் சுற்றுவட்டாரத்தில் சரிவும் பாறையும் ஓடையும் கலந்த ரப்பர் தோட்டங்கள் ஏராளம். உரிமையாளரிடம் தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை எழுதி ஒப்பம் வாங்குங்கள். தோட்டத்தின் எந்த எல்லை காட்டைத் தொடுகிறது என்று கேட்டு, அந்தப் பக்கம் கயிறு கட்டி விலக்கிவிடுங்கள். உள்ளூர் காவல் நிலையத்துக்கும் பஞ்சாயத்துத் தலைவருக்கும் ஒரு தாளில் தகவல் கொடுத்துவிட்டால், 'தோட்டத்துக்குள்ளே யாரோ வாளோடு திரியிறாங்க' என்று போன் போகும்போது யாரும் ஓடிவர வேண்டியிருக்காது.

பால்வெட்டு விடியற்காலையில் தொடங்கி, பாலெடுத்து முடிய முற்பகல் ஆகும். அந்த நேரத்தில் வெட்டு நடக்கும் பிளாக்கில் கால்வைக்காதீர்கள். மரத்தில் கட்டிய சிரட்டையை ஒரு மேலங்கி தட்டிவிட்டால் ஒருவரின் அன்றைய கூலியில் கைவைத்ததாக அர்த்தம். வெட்டு இல்லாத பிளாக்கைத் தோட்டத்துக்காரரே காட்டுவார்.

மாதம்: இங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. அப்படியானால் ஜனவரி, பிப்ரவரிதானே என்று தோன்றும். அப்போதுதான் ரப்பர் இலை உதிர்க்கும். தலைக்குமேல் நிழல் கிடையாது. காலடியில் கணுக்கால்வரை சருகு, தீப்பிடிக்க ஒரு பீடித்துண்டு போதும். மழை விட்டு, இலை உதிரத் தொடங்குவதற்கு முன் டிசம்பர் இரண்டாம் பாதியில் இரண்டு வாரம் கிடைக்கும். அதைப் பிடியுங்கள். தவறினால் புதுத்தளிர் விட்ட மார்ச். ஆனால் காலை பத்து மணிக்கு முடித்துவிட வேண்டும். எந்த மாதமானாலும் தீப்பந்தம், புகைக்குண்டு, பட்டாசு மூன்றும் கூடாது. மந்திரக்கோலுக்கு எல்.இ.டி விளக்கும் ஆரஞ்சு செலோபேன் தாளும் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டில் 200 ரப்பர் மரம் இருக்கிறது. கடையில் விற்கும் பூத முகமூடி எல்லாம் லேடெக்ஸ், அதாவது ரப்பர் பால்தான் என்கிறார்கள். வீட்டுப் பாலிலேயே முகமூடி செய்யலாமா? (குலசேகரம் வாசகர்)

பதில்: மரத்தில் வடித்த பாலை அப்படியே ஊற்றினால் முகமூடி வராது, ஒட்டுப்பால்தான் வரும். பாலில் காய்ந்த ரப்பர் மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அமோனியா சேர்க்காவிட்டால் சில மணிநேரத்தில் திரைய ஆரம்பிக்கும். திரையாமல் காயவைத்தாலும் அது கந்தகம் சேர்ந்து வல்கனைஸ் ஆகாத ரப்பர்: வெயிலில் பிசுபிசுக்கும், இழுத்தால் பழைய அளவுக்குத் திரும்பாது, கண் ஓரத்தில் கிழியும்.

உங்களுக்கு வேண்டியது, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி 60 சதவீதம் ரப்பருக்குச் செறிவாக்கி, அமோனியா சேர்த்து, முன்கூட்டியே வல்கனைஸ் செய்த லேடெக்ஸ். 'ப்ரீ-வல்கனைஸ்டு' என்று கேட்டு வாங்குங்கள். பலூன், கையுறை செய்யும் தொழிலுக்கு விற்பவர்களிடம் கிடைக்கும். வீட்டுப் பாலை ஷீட் அடித்து விற்று அந்தக் காசில் இதை வாங்குவதே லாபம்.

செய்முறை இது. குயவர் களிமண்ணால், நெற்றியிலிருந்து மேலுதடுவரை மட்டும் மறைக்கும் அரைமுகத்தை உருவாக்குங்கள். முழுமுகம் வேண்டவே வேண்டாம். ஏறும்போது வாயால் மூச்சுவிட வேண்டியிருக்கும், தண்ணீர் குடிக்கவும் வேண்டும். மூக்கையும் புருவத்தையும் கொஞ்சம் மிகையாகவே செதுக்குங்கள், ரப்பரில் வரும்போது கூர்மை குறையும். ஒரு கிலோ தண்ணீருக்குச் சுமார் 1.4 கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்ற கணக்கில் கலந்து, களிமண் முகத்தின் மேல் 3 செ.மீ. கனத்துக்குப் பூசுங்கள். தூளைத் தண்ணீரில் தூவவேண்டும். தூளில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். இறுகியதும் களிமண்ணைத் தோண்டி எடுத்து, அச்சைக் கழுவி, நான்கைந்து நாள் காயவிடுங்கள். அவசரப்பட்டால் காரியம் கெடுவது இந்த இடத்தில்தான். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சுவதால்தான் பால் சுவரில் படிகிறது. ஈரமான அச்சு உறிஞ்சாது, பால் பாலாகவே நிற்கும்.

காய்ந்த அச்சில் லேடெக்ஸை ஒரு ஓரமாக, மெல்லிய ஒழுக்காக ஊற்றுங்கள். நடுவில் மடமடவென்று கவிழ்த்தால் மூக்கு நுனியில் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும். விளிம்புவரை நிரப்பி அரைமணியிலிருந்து முக்கால் மணிநேரம் விட்டால் 2 முதல் 3 மி.மீ. கனத்தில் படியும். மிச்சத்தை மெல்லிய துணியில் வடிகட்டிப் பாத்திரத்துக்கே திருப்பிவிடலாம். அச்சைக் கவிழ்த்து ஒருநாள் வையுங்கள். வெள்ளை மாறி இளமஞ்சளாக, சற்றே கண்ணாடிபோலத் தெரிந்தால் காய்ந்துவிட்டது. எங்காவது வெண்திட்டு இருந்தால் அங்கே இன்னும் ஈரம். உரிக்கும் முன் உள்பக்கம் முழுக்க முகப்பவுடர் தூவவேண்டும். தூவாமல் உரித்தால் ரப்பர் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. கண்துளை, மூக்குத்துளை வெட்டியதும் உள்விளிம்பில் பஞ்சு காஸ் துணிப்பட்டையை லேடெக்ஸ் தொட்டு ஒட்டினால் கிழியாது.

வெறும் அக்ரிலிக் பெயிண்ட் அடித்தால் முகம் அசைந்ததும் பொருக்குப் பொருக்காக உதிரும். பெயிண்டை லேடெக்ஸோடு கலந்து பஞ்சால் ஒற்றுங்கள். காய்ந்ததும் நிறம் இரண்டு படி அடர்த்தியாகும் என்பதால் கலக்கும்போது வெளிறலாகவே வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. அமோனியா கண்ணையும் மூக்கையும் எரிக்கும், திண்ணையிலோ மொட்டைமாடியிலோ வைத்து வேலை செய்யுங்கள். இரண்டாவது, இயற்கை ரப்பர் சிலருக்கு ஒவ்வாது. முகமூடியின் ஒரு துண்டை முன்கையில் கட்டி ஒருநாள் பாருங்கள். தடிப்போ அரிப்போ வந்தால் விட்டுவிடுங்கள். வாழைப்பழம் தின்றால் வாய் அரிக்கும் ஆட்களுக்கு ரப்பரும் ஒவ்வாமல் போகும் வாய்ப்பு அதிகம். ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் துணி முகமூடியே போதும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இதை மாட்டாதீர்கள். தேங்காய் எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி, இளகி, உருக்குலையும்.

கேள்வி: வாள் இல்லாமல் வீரன் எப்படி? தகர வாள், மரவாள், நிஜவாள் எதைக் கொண்டுபோகலாம்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: மூன்றும் கூடாது. நிஜவாள் ஆயுதச் சட்டப் பட்டியலில் வரும் பொருள், அதைத் தூக்கிக்கொண்டு குலசேகரம் சந்தையில் பஸ் இறங்கினால் விளையாட்டு அங்கேயே முடிந்தது. தகரத்தின் ஓரம் வெட்டும். மரவாள் எலும்பை உடைக்கும். நுரைவாள்தான் ஒரே வழி.

குழந்தைகள் அறையில் விரிக்கும் இன்டர்லாக் மேட் இருக்கிறதே, அது ஈவா ஃபோம், 10 மி.மீ. கனம். அதில் 90 செ.மீ. நீள வாளுக்கு மூன்று அடுக்கு வெட்டுங்கள். நடு அடுக்கில் 10 மி.மீ. ஃபைபர் கிளாஸ் கம்பி உட்காரும் அளவு பள்ளம். கம்பி வாளின் நுனிக்கு 6 அல்லது 7 செ.மீ. முன்பே நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் வெறும் நுரை. கம்பியின் இரு முனையிலும் பழைய சைக்கிள் ட்யூப் துண்டை மடித்து ஒட்டி, முழுக்கம்பியையும் துணி டேப்பால் சுற்றுங்கள். ஃபைபர் கிளாஸ் முறிந்தால் ஊசி ஊசியாகத் தெறிக்கும், டேப் அதைப் பிடித்துக்கொள்ளும். மூங்கில் வெடித்துச் சிராய் நீட்டும், பி.வி.சி. பைப் வெயிலில் கிடந்து நொறுங்கும். இரண்டும் வேண்டாம்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசை. இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்கு 10, 15 நிமிடம் காயவிட்டு, பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு சேர்த்தால் உள்ளே கரைப்பான் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் கழித்துப் பிரியும். சேர்த்தபின் நகர்த்த முடியாது, ஆகவே ஒரு முனையில் தொடங்கி நிதானமாக. ஓரங்களைக் கத்தியால் சரித்து, ஹீட் கன்னால் லேசாகச் சூடுகாட்டினால் நுரையின் துளைகள் மூடும். அதன்மேல் லேடெக்ஸ் நான்கைந்து பூச்சு.

சோதனை எளிது: செய்தவர் தன் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்துப் பார்க்கட்டும். சுளீரென்றால் அந்த வாள் ஆட்டத்துக்கு இல்லை. குத்தக்கூடாது, தலை, கழுத்து, இடுப்புக்குக் கீழ் முன்பக்கம் அடிக்கக்கூடாது, தொட்டதும் கையைப் பின்னிழுக்க வேண்டும். சிலம்பமும் அடிமுறையும் படித்தவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர். கால் வரிசைக்கும் தூரக் கணக்கிற்கும் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அவர்கள்தான் அடியின் வேகத்தைக் குறைக்கச் சிரமப்படுவார்கள், கவனம். வில் அம்பு ஆடும் வெளிநாட்டுக் குழுக்கள் 28 அங்குல இழுப்பில் 30 பவுண்டு விசைக்கு மேல் போகும் வில்லை விடுவதில்லை, அம்பு நுனியில் உள்ளங்கை அகல நுரை வைப்பார்கள். மரம் அடர்ந்த சரிவில் அதுவும் தேவையில்லை.

கேள்வி: நான் பறவையரசி. இரண்டு பக்கமும் விரியும் சிறகு செய்திருக்கிறேன், மொத்தம் ஒரு சதுர மீட்டர் இருக்கும். ஆரல்வாய்மொழி பக்கத்துக் குன்றில் படம் எடுக்கலாமா? (தோவாளை வாசகி)

பதில்: முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது எதற்கு என்று பாருங்கள். கணவாய் வழியே வரும் காற்று, குறிப்பாக மே கடைசியிலிருந்து செப்டம்பர்வரை, ஆளையே தள்ளும். மணிக்கு 20 கி.மீ. காற்றில் உங்கள் சிறகின் மேல் இரண்டு கிலோ பாரம் அழுத்தும், அதைச் சமாளிக்கலாம். 40 கி.மீ. காற்றில் அது இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு: எட்டொன்பது கிலோ, அதுவும் தோளுயரத்தில், பின்னோக்கி. பாறை விளிம்பில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

சிறகை மடங்கும்படி மாற்றுங்கள். தோள்பட்டைச் சட்டத்தை மார்புக்கு முன்னால் ஒரே கொக்கியில், ஒரு கையால் விடுவிக்கும்படி அமையுங்கள். நடக்கும்போது மடக்கி முதுகோடு கட்டு, படத்துக்கு மட்டும் விரி. விரித்தால் காற்றுக்கு முகம்காட்டி நில்லுங்கள், பள்ளத்துக்கு முதுகு காட்டாதீர்கள். எடை 1.5 கிலோவுக்குள் இருக்கட்டும். கம்பிக்குப் பதில் தென்னை ஈர்க்குக்கட்டும் மெல்லிய துணியும் வைத்தால் எடை பாதியாகும். கமுகம்பாளை கிடைத்தால் இன்னும் நல்லது: ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, வேண்டிய வளைவில் கல்லை வைத்து அழுத்திக் காயவைத்தால் அந்த வளைவிலேயே நிற்கும். மார்க்கவசம், தோள்கவசம், கைக்காப்பு எல்லாவற்றுக்கும் இதற்கு இணையான சரக்கு காசு கொடுத்தாலும் கிடைக்காது. மழை பட்டால் மட்டும் தளர்ந்துவிடும், வார்னிஷ் ஒரு கை அடியுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதினேழு வயது. தரையில் புரளும் கருப்பு கவுனும் மேலங்கியும் தைக்கச் சொல்கிறாள். இதைப் போட்டுக்கொண்டு மலையேற முடியுமா? விழுந்து வைப்பாளோ என்று பயமாக இருக்கிறது. (தக்கலை வாசகி)

பதில்: உங்கள் பயம் சரி, ஆனால் தடுக்கத் தேவையில்லை அம்மா. தையலில் சில மாற்றம் போதும்.

கவுன் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நிற்கட்டும். முன்பக்கம் இன்னும் இரண்டு விரல் குறைவாக. ஏறும்போது முன்விளிம்பைத்தான் மிதிப்பார்கள், இறங்கும்போது பின்னால் வருகிறவர் வாலை மிதிப்பார். இடுப்பில் இரண்டு நாடா தைத்து, தேவைப்பட்டால் பாவாடையைத் தூக்கிக் கட்டும்படி வையுங்கள். மேலங்கி முழங்காலோடு நிற்கவேண்டும். கழுத்தில் முடிச்சோ கொக்கியோ கூடவே கூடாது: கிளையில் மாட்டி இழுத்தால் கழுத்தை இறுக்கும். வெல்க்ரோ அல்லது அழுத்துப் பட்டன் வைத்தால் இழுத்த மாத்திரத்தில் கழன்றுவிடும். துணி கருப்பாக வேண்டுமென்றால் பருத்தி. வெல்வெட்டும் சாட்டினும் வெயிலில் அடுப்பு. உள்ளே வியர்வை உறிஞ்சும் மெல்லிய பனியனும் முட்டிவரை இறுக்கக் கால்சட்டையும்.

செருப்பு, ஹீல்ஸ், புது பூட்ஸ் மூன்றும் விலக்கு. ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூவின்மேல் கருப்புத் துணியில் உறை தைத்து, குதிகாலுக்கு அடியில் ஒரு எலாஸ்டிக் விட்டால் சூனியக்காரி பூட்ஸ் ஆகிவிடும். ஷூவின் அடிப்பாகத்தை மட்டும் மூடவேண்டாம், பாறையில் பிடிப்பு போய்விடும்.

முகப்பூச்சுக்குத் தண்ணீரில் குழைக்கும் ஃபேஸ் பெயிண்ட் போதும், ஆனால் நெற்றியிலும் கண்ணுக்கு மேலும் பூசவேண்டாம். வியர்வையோடு கண்ணில் இறங்கினால் நடுச்சரிவில் கண் திறக்க முடியாது. வண்ண கான்டாக்ட் லென்ஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள்; தூசியும் அழுக்கு விரலும் சேர்ந்தால் கண் புண்ணாகும்.

மூன்று மணிநேரத்துக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். அதில் ஒரு லிட்டரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்திருக்கட்டும். வேடம் போட்டவர்களுக்குத் தாகம் தெரிவது தாமதமாகும், பேச்சிலும் நடிப்பிலும் மறந்துவிடுவார்கள். தலைவலி, குமட்டல், சில்லென்ற ஈரத்தோல் என்றால் உடனே வேடத்தைக் கழற்றி நிழலில் படுக்கவைத்து, கால்களைக் கொஞ்சம் உயர்த்தி, மடக்கு மடக்காகக் கொடுக்கவேண்டும். உளறலோ மயக்கமோ வந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல், உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடவேண்டும். அதனால்தான் ஒரு விதி சொல்வோம்: எந்த வேடமும் ஒரு நிமிடத்துக்குள், பிறர் உதவியில்லாமல் கழல வேண்டும். வீட்டில் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஆட்டத்தை எப்படி அமைப்பது? போனமுறை நண்பர்கள் நடத்தியதில் பாதிப்பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், மிச்சப்பேர் செல்ஃபி எடுத்தார்கள். (கருங்கல் வாசகர்)

பதில்: எல்லோரும் ராஜாவாகவும் மந்திரவாதியாகவும் வந்தால் அப்படித்தான் ஆகும். 15 பேர் என்றால் 5, 5, 5 என்று மூன்று அணி. ஒவ்வொரு அணிக்கும் மற்ற அணியிடம் இருக்கும் ஒரு பொருள் தேவைப்பட வேண்டும். உதாரணமாக, ஓர் அணி மூலிகை தேடி வந்த வைத்தியர்கள், இன்னொன்று சுனையைக் காக்கும் பூதங்கள், மூன்றாவது வழி தவறிய வணிகர்கள். மூலிகை பூதங்களிடம், சுனையின் சாவி வணிகர்களிடம், ஊர் திரும்பும் வழியின் வரைபடம் வைத்தியர்களிடம். சண்டை போட்டும் வாங்கலாம், விடுகதை போட்டும் வாங்கலாம், ஏமாற்றியும் வாங்கலாம். ஒவ்வொருவருக்கும் அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் சும்மா இருக்க யாருக்கும் நேரமிருக்காது. செல்ஃபிக்குத் தொடக்கத்தில் கால்மணி, முடிவில் கால்மணி. நடுவில் போன் நடத்துநரின் பையில்.

நடத்துநர்கள் மூவர், ஐவருக்கு ஒருவர் என்ற கணக்கு. அவர்களுக்கு வேடம் கிடையாது, தூரத்திலிருந்து தெரியும் மஞ்சள் துண்டு. ஒருவர் எப்போதும் கடைசி ஆளுக்குப் பின்னால். விசில் மூன்று முறை அடித்தால் எல்லோரும் நின்ற இடத்தில் உட்காரவேண்டும்.

நிஜமாகவே அடிபட்டது, நிஜமாகவே பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு சொல் வேண்டும். 'நிறுத்து', 'வேண்டாம்', 'காப்பாத்து' எல்லாம் வசனத்திலேயே வந்துவிடும், யாரும் நம்பமாட்டார்கள். எந்த ராஜாவும் எந்தப் பூதமும் வாயில் எடுக்காத சொல்லாகப் பாருங்கள். 'மரச்சீனி' (மரவள்ளிக்கிழங்கு) என்று வைத்துக்கொண்டால் நடுப்போரில் கேட்டாலும் சந்தேகம் வராது.

தூரம் மொத்தம் 3 கி.மீ., ஏற்றம் 150 மீட்டருக்குள். வேடத்தோடு மணிக்கு 2 கி.மீ.க்கு மேல் நடக்க முடியாது, சண்டைக்கும் பேச்சுக்கும் அதே அளவு நேரம் போகும். ஆறரைக்குக் கூடி, ஏழுக்குத் தொடங்கினால் பத்துக்கு முடியும். முகமூடி, கொம்பு எல்லாம் நிறுத்துமிடங்களில் மட்டும். நடக்கும்போது முகமூடி பிடரியில். முகமூடிக்குக் கீழே கால் தெரியாது என்பதால் விழுபவர்களில் அதிகம் பேர் இறங்கும்போதுதான் விழுவார்கள். சண்டைக்குச் சமமான இடத்தை முந்தின நாளே பார்த்து, கல்லையும் முறிந்த கிளையையும் பொறுக்கிவிட்டுக் கயிறு கட்டி வையுங்கள். காணிக்கார மக்களைப்போல வேடம் போட்டு 'காட்டுவாசி' என்று யாரும் வரவேண்டாம். அவர்கள் இந்த மலையில் இப்போதும் வாழ்கிறவர்கள், கற்பனைப் பாத்திரங்கள் அல்ல.

கேள்வி: கள்ளியங்காட்டு நீலிப் பேய் வேடத்தில் ராத்திரி பார்வதிபுரம் ரோட்டோரம் நின்று ஒரு ரீல் எடுக்கலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கூடாது. வெள்ளைச் சேலையும் விரித்த தலையுமாகத் திடீரென்று விளக்கொளியில் தெரிந்தால் பைக்கில் வருகிறவர் பிரேக்கைப் பிடிப்பார், பின்னால் வரும் லாரிக்காரர் பிடிக்கமாட்டார்.

கேள்வி: குலசை (குலசேகரப்பட்டினம்) தசராவுக்கு வாங்கிய சடாமுடியும் கிரீடமும் வீட்டில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா? மாமா வீட்டில் பழைய மான்கொம்பு ஒன்றும் உண்டு. (கொட்டாரம் வாசகர்)

பதில்: சடாமுடி நல்ல சரக்கு. சிக்கெடுத்து, பச்சையோ சாம்பலோ சாயம் தெளித்தால் பூதத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். ஆனால் மாலை போட்டு நேர்ச்சையாகக் கட்டிய வேடமென்றால் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு எடுங்கள். தகரக் கிரீடத்தின் உள்விளிம்பில் நுரைப்பட்டை ஒட்டாமல் வைக்காதீர்கள், குனிந்து நிமிர்ந்தால் நெற்றி கிழியும்.

மான்கொம்பு வேண்டாம். காட்டில் தானாக உதிர்ந்ததாக இருந்தாலும், உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். புலிநகம், பல் எல்லாவற்றுக்கும் இதேதான். கொம்புக்கு ஈவா ஃபோமைக் கூம்பாகச் சுருட்டி, தலைப்பட்டையில் தைத்துக்கொள்ளுங்கள். உயரம் 15 செ.மீ. தாண்டினால் ரப்பர் கிளைகள் எல்லாம் உங்கள் தலையில்தான் வந்து இடிக்கும்.

கேள்வி: ஆட்டம் முடிந்து வந்தபின் முகமூடி, வாள், துணி எல்லாம் இரண்டே மாதத்தில் பூசணம் பிடித்துவிடுகிறது. அட்டைக்கடிக்கும் ஏதாவது சொல்லுங்கள். (திருவட்டார் வாசகர்)

பதில்: அட்டைக்கு, கணுக்காலுக்கு மேல்வரை நெருக்கமான நெசவுள்ள காலுறை போட்டு, அதன்மேல் உப்புநீர் தெளித்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் இழுக்காமல், நகத்தை வாயடியில் கொடுத்துத் தள்ளி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரத்தம் கொஞ்சநேரம் ஒழுகும், பயப்பட வேண்டாம்.

துணியை அன்றைக்கே அலசிவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரத்தை மடித்து வைத்தால் இரண்டே நாளில் கரும்புள்ளி விழும், அது பிறகு போகாது. முகமூடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, உள்ளும் புறமும் பவுடர் தூவி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வாளைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும், படுக்க வையுங்கள் அல்லது பிடியைக் கட்டித் தொங்கவிடுங்கள். காரின் டிக்கியில் மட்டும் விட்டுவிடாதீர்கள், அந்தச் சூட்டில் பசை இளகி அடுக்கடுக்காகப் பிரியும். முகமூடியைப் பித்தளைக் கொக்கியிலோ செம்புக் கம்பியிலோ மாட்டுகிற வழக்கமும் கூடாது. செம்பு பட்ட இடத்தில் ரப்பர் பழுப்பேறிப் பிசினாகிவிடும். பிளாஸ்டிக் கொக்கி போதும்.